பவளத் தொட்டியின் வரவு செலவு

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்போர் முதலில் அளந்து பார்ப்பது கால்சியத்தைத்தான். நாமும் அவ்வாறே செய்தோம். லிட்டருக்கு 410 மில்லிகிராம் என்று காட்டியது; இயற்கைக் கடல்நீரிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். நிம்மதியுடன் இருந்துவிட்டோம். சில வாரங்களில் பவளத்தின் வளர்ச்சி நின்றது. அதன் பின்னரே காரத்தன்மையை அளந்தோம். 7 டிகேஹெச்சுக்குக் குறையலாகாதது 5 ஆக இறங்கியிருந்தது.

பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அதற்கு வேண்டிய கார்பனேட்டின் இருப்பைக் காட்டுவதே காரத்தன்மை. காரத்தன்மை 1 டிகேஹெச் குறையும்போது கால்சியம் சுமார் 7 மில்லிகிராம் குறையும். 410இல் 7 போனால் வீட்டுச் சோதனைக் குப்பிக்குத் தெரியாது. 8இல் 1 போனால் எட்டில் ஒரு பங்கு போயிற்று. எங்கள் மொழியில் சொன்னால், கால்சியம் பெரிய வைப்புத்தொகை. காரத்தன்மை அன்றாடச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு.

அடுத்த பிழை, குறைவை ஒரே நாளில் ஈடுசெய்ய முயன்றது. சோடியம் பைகார்பனேட்டை மொத்தமாகக் கரைத்து ஊற்றினோம். கிளைகளின் நுனி வெளுத்துவிட்டது. நாளொன்றுக்கு 1 டிகேஹெச்சுக்கு மேல் உயர்த்தாதிருத்தல் நலம்.

இப்போது கடைப்பிடிக்கும் முறை எளியது. மூன்று நாள் எதையும் சேர்க்காமல், ஒரே நேரத்தில் அளந்து குறித்துக்கொள்கிறோம். 8.6 என்பது 7.4 ஆனால் நாட்செலவு 0.4. தொட்டி நீர் 200 லிட்டர் எனில் 1 டிகேஹெச் உயர்த்த ஏறத்தாழ 6 கிராம் சமையல் சோடா வேண்டும். ஆகவே நாளொன்றுக்கு 2.4 கிராம். இதற்கு இணையாகக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் சுமார் 2 கிராம். இரண்டையும் ஒரே குவளையில் கலந்தால் வெண்மையாகப் படிந்து வீணாகும். தனித்தனியே கரைத்து, இடைவெளி விட்டு, நீரோட்டம் மிகுந்த இடத்தில் சேர்க்க வேண்டும். பவளம் வளர வளர நாட்செலவும் கூடும். மாதம் ஒரு முறையேனும் கணக்கைத் திருத்த வேண்டும்.

எவ்வளவு சேர்த்தும் அளவு நிற்கவில்லையெனில் மக்னீசியத்தைப் பார்க்கவேண்டும். அது 1,300 மில்லிகிராம் அளவில் இருந்தால்தான் கால்சியமும் கார்பனேட்டும் தாமே கூடிப் படிவது தடைப்படும்.

பவளம் வாங்குமுன் ஒன்று. நம் நாட்டுக் கற்பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். எங்கிருந்து வந்தது என்பதற்குரிய ஆவணத்தை விற்பவர் காட்டாவிடில், விலை எவ்வளவு குறைந்திருப்பினும் வாங்கலாகாது.