சத்தமில்லாமல் சேதம் செய்யும் சீனி

எமது வீடுகளில் "சீனி" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஒன்று தேநீரில் இடுவது. மற்றது வைத்தியர் சொன்னது. "அவருக்குச் சீனியாம்" என்றால் கேட்பவர் தலையை ஆட்டிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். புற்றுநோய் என்றால் நடுங்கும் நாம், நீரிழிவு என்றால் "இந்தக் காலத்தில யாருக்குத்தான் இல்ல" என்கிறோம். இந்த அலட்சியத்துக்கு முக்கிய காரணம், அது ஆரம்பத்தில் வலிப்பதில்லை என்பதே. அந்த வலியில்லாத வருடங்களில் உடலுக்குள் என்ன நடக்கிறது? உயர்தர உயிரியல் வகுப்பில் கற்றவற்றைக் கொண்டு அதை விளக்க விரும்புகிறேன்.

ஏன் தெரிவதில்லை?

நாம் உண்ணும் சோறும் பாணும் இனிப்பும் சமிபாடடைந்து குளுக்கோசாகக் குருதியில் சேர்கின்றன. அதைக் கலங்களுக்குள் அனுப்ப உதவுவது சதையி சுரக்கும் இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவில் கலங்கள் இன்சுலினுக்குச் சரியாகப் பதிலளிப்பதில்லை. காலப்போக்கில் சதையியின் சுரப்பும் குறைகிறது. எனவே குளுக்கோசு குருதியிலேயே தேங்குகிறது.

வெறுவயிற்றில் செய்யும் பரிசோதனையில் 100 மில்லிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், மீண்டும் பரிசோதித்து நீரிழிவு என உறுதி செய்வார்கள். ஆனால் எமது சிறுநீரகங்கள் சிக்கனமானவை. குருதியில் குளுக்கோசு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்வரை, வடிகட்டிய குளுக்கோசு முழுவதையும் அவை மீள அகத்துறிஞ்சிவிடுகின்றன. அதற்கு மேல் போனால்தான் அது சிறுநீரில் வெளியேறும். நீரையும் இழுத்துச் செல்லும். அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் தாகமும் அப்போதுதான் ஆரம்பிக்கின்றன.

அப்படியானால் 126க்கும் 180க்கும் இடையில் இருப்பவருக்குத் தாகம் இல்லை, களைப்பும் பெரிதாக இல்லை. சிறுநீரில் எறும்பு மொய்க்கவில்லை, ஆகவே சீனி இல்லை என்று அவர் நம்பியிருப்பார். பிரித்தானியாவில் 1977இல் ஆரம்பித்த ஒரு பெரிய ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5000க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, கண்டறியப்பட்ட அன்றே உடலில் ஏதோவொரு பாதிப்பு ஆரம்பித்திருந்தது.

என்ன சேதம்?

மிதமிஞ்சிய குளுக்கோசு புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. குருதிக் குழாய்களின் உட்சுவர் பழுதடைகிறது. மிக நுண்ணிய குழாய்கள் உள்ள இடங்கள் முதலில் அடி வாங்குகின்றன.

கண்ணின் விழித்திரையில் நுண்குழாய்கள் வீங்கிக் கசிகின்றன. பின்னர் எளிதில் உடையக்கூடிய புதிய குழாய்கள் முளைத்து, குருதி கசிந்து, பார்வையை மறைக்கின்றன. ஆரம்பத்தில் பார்வை தெளிவாகவே இருக்கும். லேசர் சிகிச்சை நன்றாகப் பயன்படுவதும் பார்வை போவதற்கு முன்னர்தான்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் சிறுநீரகத்திகள் உள்ளன. அவற்றின் வடிகட்டிகள் பழுதடையும்போது, வெளியேறக் கூடாத அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும். அதைப் பரிசோதனையில் மட்டுமே காணலாம். கால் வீங்கி, மூச்சு வாங்கும் நேரத்தில் சிறுநீரகத்தின் பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

நரம்புகளில் மிக நீளமானவை பாதம் வரை செல்பவை. ஆகவே உணர்ச்சி முதலில் பாதத்தில்தான் குறைகிறது. எனது உம்மம்மா வீட்டு முற்றத்தில் வெறுங்காலுடன் நடப்பவர். ஒரு நாள் காலுறையைக் கழற்றிய உம்மாதான் அவரது பாதத்தில் சீழ் வைத்த காயத்தைக் கண்டார். கண்ணாடித் துண்டொன்று உள்ளே இருந்தது. "குத்தினதே எனக்குத் தெரியல்ல மகள்" என்றார் உம்மம்மா. வைத்தியசாலையில் இரண்டு விரல்களை அகற்ற வேண்டி வந்தது. அதற்கு முன் பல வருடங்களாக அவர் குளிசையை விட்டுவிட்டிருந்தார். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே" என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

பெரிய குழாய்களும் தப்புவதில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் ஏற்படும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. நரம்புகள் பழுதடைந்தவருக்கு மாரடைப்பு கூட நெஞ்சுவலி இல்லாமல் வரலாம்.

நம்பிக்கை தரும் செய்தி

மேலே சொன்ன ஆய்வின் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. அங்கு பயன்பட்ட அளவுகோல் எச்.பீ.ஏ.1சீ என்ற பரிசோதனை. செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். அதன் ஈமோகுளோபினில் எவ்வளவு குளுக்கோசு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு தெரிந்துவிடும். கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. இந்த அளவைச் சராசரியாக 7.9 சதவீதத்திலிருந்து 7 சதவீதத்துக்குக் குறைத்து வைத்திருந்தவர்களுக்கு, நுண்குழாய் சார்ந்த பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. ஆய்வு முடிந்ததும் இரு குழுவினரின் சீனி அளவும் ஒன்றாகிவிட்டது. ஆனால் பத்து வருடங்களுக்குப் பின்பும், ஆரம்பத்தில் கட்டுப்படுத்தியவர்களுக்கே நன்மை தொடர்ந்தது. வலியில்லாத அந்த ஆரம்ப வருடங்கள்தான் மிகப் பெறுமதியானவை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

விட வேண்டிய எண்ணங்கள்

"குளிசை போட்டால் சிறுநீரகம் பழுதாகும்" என்று பலர் சொல்கிறார்கள். சிறுநீரகத்தைப் பழுதாக்குவது கட்டுப்படுத்தப்படாத சீனியும் உயர் குருதி அமுக்கமுமே. சிறுநீரகம் ஏற்கனவே பலவீனமானால், மருந்தின் அளவை மாற்றுவது வைத்தியரின் வேலை. நாமாக நிறுத்துவது ஆபத்து. "கித்துள் கருப்பட்டி சாப்பிடலாம்" என்பதும் தவறு. அதுவும் குருதியில் சீனியைக் கூட்டும். "மெலிந்தவருக்குச் சீனி வராது" என்பதும் அப்படியே. தென்னாசியர்களாகிய எமக்கு, ஐரோப்பியரைவிடக் குறைந்த வயதிலும் குறைந்த உடல் எடையிலும் இந்நோய் வருகிறது.

நோன்பு காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலர் பகல் மருந்தைத் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். சிலர் அதையும் சேர்த்து இரவில் போடுகிறார்கள். இரண்டும் ஆபத்தானவை. ரமழானுக்கு ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்பே வைத்தியரிடம் போய், நோன்பு நோற்கலாமா, மருந்தை எப்படி மாற்றுவது என்று கேட்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையையும் மறக்கக் கூடாது.

பெற்றோரே, குடும்பத்தில் யாருக்காவது நீரிழிவு இருந்தால், உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லாத போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள். நோய் உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கண், பாதம், சிறுநீரில் அல்புமின் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தோழியரே, எமக்கும் ஒரு வேலை உண்டு. வீட்டில் சீனி உள்ள மூத்தவர்களின் பாதங்களை, விரல் இடுக்குகளையும் சேர்த்து, இரவில் ஒருமுறை பார்ப்போம். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.