மகரக்கட்டைத் தாண்டியவர்கள்: பாய்ஸ் கம்பெனிகளும் தமிழ்த் திரையும்

தமிழ்த் திரையின் தொடக்க காலத்தில் பெயர் பெற்ற நடிகர்களில் பலர் நடிப்புப் பயின்ற இடம் பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் அழைத்த பாலர் நாடக சபை. டி. கே. சண்முகம், பி. யு. சின்னப்பா, என். எஸ். கிருஷ்ணன், எம். ஆர். ராதா, எம். ஜி. ராமச்சந்திரன், சிவாஜி கணேசன், எம். என். நம்பியார் ஆகிய அனைவரும் சிறுவயதிலோ இளமையிலோ ஏதேனும் ஒரு கம்பெனி வீட்டில் உண்டு, உறங்கி, பாடம் படித்து வளர்ந்தவர்கள். நடிப்புக் கல்லூரி என்ற ஒன்றே இல்லாத காலத்தில் அந்த வேலையைச் செய்தவை இந்தக் கம்பெனிகள்தாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் நாடகம் பெரிய நடிகர்களை நம்பி நடந்தது. பெயர் பெற்றவர்கள் பலர் குடிப்பழக்கத்தாலும் ஒழுங்கின்மையாலும் நாடகத்தைப் பாதியில் கைவிடுவதும், குறித்த ஊருக்கு வராமல் போவதும் வழக்கமாக இருந்தன. ஆசிரியரின் சொல்லுக்குக் கட்டுப்படும் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தினால் இந்தத் தொல்லை தீரும் என்ற எண்ணத்தில் பிறந்தவை பாலர் சபைகள். அவற்றுக்கு உயிர் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர், எமன், சனீஸ்வரன், இராவணன் போன்ற வேடங்களில் மேடையேறி, பின்னர் நாடக ஆசிரியராக நிலைபெற்றார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சதி சுலோசனா' என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, பின்வந்த கம்பெனிகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது.

கம்பெனி வீட்டு வாழ்க்கை

ஒரு கம்பெனி ஓர் ஊருக்கு வந்தால் சில வாரங்களோ மாதங்களோ தங்கும். கொட்டகைக்கு அருகே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து அதில் ஐம்பது, அறுபது பேர் இருப்பார்கள். காலையில் பாட்டுப் பயிற்சி, பிறகு வசனப் பாடம், மாலையில் ஒத்திகை, இரவில் நாடகம். பையன்களின் சம்பளம் பெரும்பாலும் பெற்றோருக்கு அனுப்பப்படும். பாடத்தில் தவறினால் வாத்தியாரின் பிரம்பு பேசும். தன் வேடத்துக்கான பாடத்தை மட்டும் கற்றால் போதாது. பக்கத்தில் நிற்பவனின் பாடமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றிரவே இன்னொருவன் அந்த வேடத்தைக் கட்டியாக வேண்டும் என்பதுதான் காரணம்.

வேடங்களுக்கு ஒரு படிநிலை இருந்தது. கதாநாயகன் ராஜபார்ட், கதாநாயகி ஸ்திரீபார்ட், திருடனும் வில்லனும் கள்ளபார்ட், சிரிக்க வைப்பவன் பபூன். புதிதாகச் சேர்ந்தவனுக்குத் தோழி, சேவகன் போன்ற சில்லறை வேடங்கள் கிடைக்கும். பெண்களுக்குக் கம்பெனியில் இடமில்லாததால் சீதையும் தமயந்தியும் வள்ளியும் பையன்களே. ஒலிபெருக்கி கிடையாது. மேடைக்கு முன்னே ஆர்மோனியக்காரர் அமர்ந்து பின்பாட்டுப் பாட, பையன்கள் நாலரை, ஐந்து கட்டைச் சுருதியில் பாடிக் கொட்டகையின் கடைசி வரிசை வரை குரலை எட்ட வைத்தார்கள். சொல்லைச் சிதைக்காமல், மூச்சு எங்கே எடுக்க வேண்டும் என்று தெரிந்து பேசும் பழக்கம் அங்கே உருவானது.

இந்த வாழ்க்கையின் பெரிய ஆபத்து மகரக்கட்டு. பதினான்கு, பதினைந்து வயதில் குரல் உடையும்போது, நேற்றுவரை மூன்று முறை 'ஒன்ஸ்மோர்' வாங்கியவனால் மேல்சுருதியைத் தொட முடியாமல் போகும். ராஜபார்ட் சில்லறை வேடத்துக்கு இறங்குவான். சிலர் கம்பெனியை விட்டே விலகுவார்கள். பாய்ஸ் கம்பெனியிலிருந்து புகழடைந்த ஒவ்வொருவரும் உடைந்த குரலுக்குப் பின் தமக்கென்று வேறொரு பலத்தைத் தேடிக்கொண்டவர்கள். ஒருவருக்கு அது வசனம், இன்னொருவருக்கு உடற்பயிற்சி, மற்றொருவருக்கு நகைச்சுவை.

டி. கே. எஸ். சகோதரர்கள்

சுவாமிகளின் மதுரைச் சபை தொடங்கிய ஆண்டிலேயே அதில் சேர்ந்தவர்கள் டி. கே. சங்கரன், முத்துசாமி, சண்முகம் சகோதரர்கள். 1912இல் பிறந்த சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தச் சிறுவனின் திறமையைக் கண்ட சுவாமிகள், அவனை மனத்தில் வைத்து 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில், பாடல்களும் வசனமுமாக எழுதி முடித்தார். அடித்தல் திருத்தல் இல்லாமல் அது எழுதப்பட்டிருந்ததைச் சண்முகம் பிற்காலத்தில் வியந்து பதிவு செய்திருக்கிறார். சுவாமிகள் பக்கவாதத்தால் பேச்சை இழந்து, 1922இல் புதுச்சேரியில் காலமானார்.

சகோதரர்கள் 1925இல் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். கடைசித் தம்பி டி. கே. பகவதியும் அதில் வளர்ந்தார். புராண நாடகங்களோடு சமூக நாடகங்களையும், தேசிய உணர்வு கொண்ட நாடகங்களையும் அவர்கள் மேடையேற்றினார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிய 'மேனகா' மேடையில் வெற்றி பெற்று, 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் அவர்களே நடித்த படமானது. பெரும்பாலும் புராணப் படங்களே வந்துகொண்டிருந்த நேரத்தில், அன்றைய குடும்ப வாழ்க்கையைக் காட்டிய தொடக்க காலத் தமிழ்ப் படங்களில் அது ஒன்று.

சண்முகத்தின் பெயரை நிலைநாட்டிய வேடம் ஒரு மூதாட்டி. 1942இல் மேடையேறிய 'ஔவையார்' நாடகத்தில் முப்பது வயது ஆண் ஒருவர், முதுகு கூனி, கைத்தடி ஊன்றி, நடுங்கும் குரலில் தமிழ் பேசினார். அன்று முதல் அவர் ஔவை சண்முகம் ஆனார். சிறுவயது ஸ்திரீபார்ட் பயிற்சியும் முதிர்ந்த நடிகரின் கட்டுப்பாடும் அந்த வேடத்தில் ஒன்றுசேர்ந்தன. 'எனது நாடக வாழ்க்கை' என்ற அவருடைய நூல், கம்பெனிக் காலத்தை அறிய இன்றும் முதன்மையான சான்று. 1971இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 1973இல் மறைந்தார். சிறுவனாக அவருடைய குழுவில் நடித்த கமல்ஹாசன் நாயகனாகத் தோன்ற 1996இல் வெளிவந்த 'அவ்வை சண்முகி' படத்தின் பெயர் அவரை நினைவுகூர்கிறது.

சின்னப்பாவும் ராமச்சந்திரனும்

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி இரண்டு பெரிய நட்சத்திரங்களைத் தந்தது. புதுக்கோட்டையில் 1916இல் பிறந்த பி. யு. சின்னப்பா, சிறு சம்பளத்தில் சேர்ந்து, குரல் வளத்தால் ராஜபார்ட்டுக்கு உயர்ந்தார். மகரக்கட்டு வந்தபோது கம்பெனியை விட்டு விலகிய அவர் சோர்ந்துவிடவில்லை. முறையாகக் கர்நாடக இசை கற்றார்; கூடவே சிலம்பம், குஸ்தி, எடை தூக்குதல் பழகினார். பாட்டும் உடல்வலிவும் சேர்ந்த நாயகனாக அவர் திரைக்கு வந்தது இப்படித்தான். 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'உத்தம புத்திர'னில் இரட்டை வேடமும், 1942இல் 'கண்ணகி'யில் கோவலனும் அவரை முன்வரிசையில் நிறுத்தின. 1944இல் வந்த 'ஜகதலப்பிரதாப'னில் பாடுபவரும் பக்கவாத்தியம் வாசிப்பவர்களுமாக ஐந்து சின்னப்பாக்கள் ஒரே காட்சியில் அமர்ந்து கச்சேரி செய்வார்கள். ஒவ்வொரு உருவமும் தாளம் பிசகாமல் மற்றதோடு ஒத்திசைவதைப் பார்த்தால், அதற்குப் பின்னால் இருந்த இசைப் பயிற்சி புரியும். 1951இல் தம் 35ஆம் வயதில் அவர் காலமானார்.

1917இல் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்த எம். ஜி. ராமச்சந்திரன், தந்தை இறந்தபின் தாயோடு கும்பகோணம் வந்து, வறுமையால் அண்ணன் சக்ரபாணியோடு அதே கம்பெனியில் சேர்க்கப்பட்டார். அங்கே வாத்தியாராக இருந்தவர் காளி என். ரத்தினம். நாடக ஆசிரியர் எம். கந்தசாமி முதலியாரின் தொடர்பால் 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'யில் ராமச்சந்திரனுக்குச் சிறு வேடம் கிடைத்தது. கதாநாயகனாக உயர 1947இன் 'ராஜகுமாரி' வரை பதினொரு ஆண்டுகள் காத்திருந்தார். இசைக்குரல் இல்லாத அவருக்கு வாள்வீச்சும் கம்புச் சண்டையும் கைகொடுத்தன. புகழின் உச்சியிலும் மேடையை அவர் விடவில்லை. 1959இல் சீர்காழியில் 'இன்பக்கனவு' நாடகத்தில் உடன் நடித்தவரைத் தூக்கும் காட்சியில் கால் முறிந்து பல மாதங்கள் ஓய்வெடுக்க நேர்ந்தது.

சிரிப்பும் சீற்றமும்

என். எஸ். கிருஷ்ணன் 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டும், நாடகக் கொட்டகையில் சோடா விற்றும் பிழைத்த இளைஞர், டி. கே. எஸ். சகோதரர்களின் கம்பெனியில் சேர்ந்து எந்த வேடம் கொடுத்தாலும் செய்யப் பழகினார். 'மேனகா'வில் நடித்தார், 'சதி லீலாவதி'யிலும் இடம்பெற்றார். மனைவி டி. ஏ. மதுரத்தோடு சேர்ந்து, படக்கதைக்குள் தனி நகைச்சுவைப் பகுதியை எழுதி நடிக்கும் முறையை வளர்த்தார். மூடநம்பிக்கை, தீண்டாமை, குடி ஆகியவற்றை யார் மனமும் புண்படாமல் சிரிப்பாலேயே கண்டித்தது அவருடைய தனிச்சிறப்பு. தென்திருவிதாங்கூரின் வில்லுப்பாட்டை நகரத்து மேடைக்குக் கொண்டுவந்ததும் அவரே. 1944இல் நடந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற மேல்முறையீட்டுக்குப் பின் 1947இல் விடுதலையானார். பாகவதரின் திரைவாழ்வு அதன்பின் மீளவில்லை. கிருஷ்ணனோ 1949இல் அண்ணாதுரை எழுதிய 'நல்லதம்பி'யோடு மீண்டும் எழுந்தார். 1957இல் மறைந்தார்.

எம். ஆர். ராதா வீட்டைவிட்டு ஓடிவந்து கம்பெனியில் சேர்ந்தவர். ஜெகந்நாத ஐயரின் கம்பெனியில் நடிப்போடு மின்சாரம், மோட்டார் வேலைகளையும் கற்றார். கீச்சென்று உயர்ந்து சட்டென்று கரகரப்பாய் இறங்கும் குரல் அவருடைய முத்திரை. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகம் 1954இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாகி, சீமைப் படிப்பின் செருக்கும் குட்டநோயின் கொடுமையும் ஒருசேரக் கொண்ட மோகனசுந்தரத்தை மறக்க முடியாத பாத்திரமாக்கியது. அவருடைய பகுத்தறிவு நாடகங்களுக்கு அரசு தடை விதித்ததும், அவர் அவற்றின் பெயரை மாற்றி மறுபடி நடத்தியதும் தொடர்ந்தன. 1967 ஜனவரி 12 அன்று அவர் சுட்ட குண்டு, எம்.ஜி.ஆர். என்று அழைக்கப்பட்ட ராமச்சந்திரனின் கழுத்தில் பாய்ந்தது. எம்.ஜி.ஆர். உயிர் பிழைத்தாலும் அவர் குரல் நிரந்தரமாக மாறியது. அந்தக் குரலோடே அவர் தொடர்ந்து நடித்து, 1977இல் முதலமைச்சரும் ஆனார். சிறை சென்று திரும்பிய ராதா 1979இல் காலமானார்.

கணேசன்

1928இல் விழுப்புரத்தில் பிறந்த வி. சி. கணேசன், சிறுவனாகப் பார்த்த கட்டபொம்மன் கூத்தில் மனம் பறிகொடுத்து, திருச்சியில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில், தான் ஓர் அனாதை என்று சொல்லிச் சேர்ந்தார். கிடைத்த முதல் வேடங்களில் ஒன்று சீதை. பல ஆண்டுகள் ஸ்திரீபார்ட்டாக நடந்து, நின்று, அழுது பழகியது அவருடைய கண்ணிலும் விரலிலும் கடைசிவரை தங்கியது. அண்ணாதுரை எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் நடித்தபோது 1946இல் பெரியார் அவருக்குச் சிவாஜி என்ற பெயரைச் சூட்டினார். 1952இல் 'பராசக்தி' வந்தது. கருணாநிதியின் நீண்ட நீதிமன்ற வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு அவர் பேசியதில், ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளின் மூச்சுப் பயிற்சி வெளிப்பட்டது. அதன்பின் பாடும் நாயகர்களின் காலம் முடிந்து, பேசும் நாயகர்களின் காலம் பிறந்தது. மேடையில் வெற்றிபெற்று 1959இல் படமான 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்தது. 2001இல் அவர் மறைந்தார்.

பிற கம்பெனிகளும் முடிவும்

நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபை, தந்திரக் காட்சிகளுக்குப் பெயர் பெற்றது. பதின்ம வயதில் அதில் சேர்ந்த எம். என். நம்பியார், 1935இல் அந்தக் குழுவினர் நடித்த 'பக்த ராமதாஸ்' மூலம் திரைக்கு வந்தார். கம்பெனி நாடகத்துக்கு வெளியே, ஆண்களும் பெண்களும் சேர்ந்து நடித்த ஸ்பெஷல் நாடகங்கள் இன்னொரு பாதையாக இருந்தன. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் அங்கே கொடிகட்டிப் பறந்தார்கள். கிட்டப்பா 1933இல் இறந்தபின் சுந்தராம்பாள் ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்து, 1935இல் ஒரு லட்ச ரூபாய் ஊதியத்தில் 'நந்தனா'ராக, ஆண் வேடத்தில், திரையில் தோன்றினார்.

1931இல் பேசும் படமான 'காளிதாஸ்' வெளிவந்தபின் கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரையரங்குகளாயின. நல்ல நடிகர்கள் படத்துக்குப் போனார்கள். பாடத் தெரிந்த பையன்களை அனுப்பப் பெற்றோரும் தயங்கினார்கள். 1950களில் கம்பெனி முறை ஏறக்குறைய மறைந்தது. பள்ளிக்குச் செல்லாமல், தாய் தந்தையைப் பிரிந்து, அடிபட்டு வளர்ந்த பையன்களின் துயரத்தை மறந்துவிட்டு அந்த முறையைப் புகழ முடியாது. மேடையேறிய நூற்றுக்கணக்கான சிறுவர்களில் பெயர் நின்றவர்கள் சிலரே. ஆனால் அந்தச் சிலர் பெற்ற பயிற்சிதான் தமிழ்த் திரைக்கு அதன் பேச்சு முறையையும் பாட்டையும் சண்டையையும் சிரிப்பையும் கொடுத்தது. சுவாமிகளின் 'வள்ளி திருமண'மும் 'பவளக்கொடி'யும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோவில் திருவிழாக்களில் விடிய விடிய இன்றும் நடத்தப்படுகின்றன.