ஹலோ: அன்றும் இன்றும்

1820-களில் ஓர் ஆங்கிலேயரைப் பார்த்து 'ஹலோ' என்றிருந்தால், வணக்கம் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்திருப்பார். அது அன்று வெறும் கூப்பாடு. தூரத்தில் போகிறவரை நிறுத்தவும் வேட்டை நாய்களை உசுப்பிவிடவும் 'ஹாலோ', 'ஹொல்லா' என்றெல்லாம் கத்துவார்கள். எதிர்பாராததைக் கண்டு திகைத்தாலும் அதே சத்தம்தான். மரியாதைக்கு 'குட் மார்னிங்' தனியே இருந்தது.

அந்தக் கூப்பாட்டை வரவேற்பறைக்குள் கொண்டுவந்தது டெலிபோன். 1876-இல் காப்புரிமை பெற்ற கிரகாம் பெல்லுக்குப் பிடித்தது 'அஹாய்', மாலுமிகள் கப்பலுக்குக் கப்பல் கூவும் சொல். எடிசன் வேறு மாதிரி யோசித்தார். அப்போது இரண்டு அலுவலகங்களை ஒரே கம்பியால் இணைத்து, இணைப்பை எந்நேரமும் திறந்தே வைப்பது என்றுதான் எண்ணம். அப்படியென்றால், பேச ஆள் வேண்டும் என்று எதிர்முனைக்கு எப்படித் தெரிவிப்பது? மணி எதற்கு, 'ஹலோ' என்றால் பத்து இருபது அடி தள்ளி இருப்பவருக்கே கேட்கும் என்று 1877 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் நகரத் தந்தி நிறுவனத் தலைவருக்கு எழுதினார். எடிசனுக்குக் காது மந்தம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பிறகு மணி வரத்தான் செய்தது, ஆனாலும் ஹலோ நிலைத்துவிட்டது. பெல் கடைசிவரை அதற்கு மசியவில்லை என்பார்கள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் இணைப்பு கொடுக்க முதலில் பையன்களைத்தான் வேலைக்கு வைத்தார்கள். அவர்கள் வாடிக்கையாளர்களிடமே வாய்த்துடுக்கு காட்டியதால் 1878-இல் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் அமர்த்தப்பட்டார். விரைவில் அந்த வேலை செய்யும் பெண்களுக்கெல்லாம் 'ஹலோ கேர்ள்ஸ்' என்று பெயர் விழுந்தது. முதல் உலகப்போரில் பிரெஞ்சு தெரிந்த இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களை அமெரிக்க ராணுவம் சுவிட்ச்போர்டு வேலைக்கு பிரான்சுக்கு அனுப்பியது. சீருடை உண்டு, உறுதிமொழி உண்டு. போர் முடிந்து திரும்பியதும் நீங்கள் ராணுவத்தினரே இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அந்தத் தகுதி கிடைக்க 1977 ஆனது. அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சென்னைக்கு 1882-லேயே எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. ஆனால் நம் வீடுகளுக்கு ஹலோ வந்தது வெகு பின்னால், அதுவும் பக்கத்து வீட்டு பி.பி. நம்பர் வழியாக. ட்ரங்க் கால் போட்டுக் காத்திருந்து, லைன் கிடைத்ததும் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு தெருக்கோடி வரை கேட்கக் கத்தும் 'ஹலோ! ஹலோ!' அன்றைய வாடிக்கை. வணக்கமா அது? லைன் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது. கல்யாண மண்டபத்தில் 'ஹலோ மைக் டெஸ்டிங்' என்பதும் அந்த வகைதான்.

இன்று திரையிலேயே பெயர் தெரிகிறது. நண்பன் என்றால் 'சொல்றா', அம்மா என்றால் 'என்னம்மா', மேலதிகாரி என்றால் 'சொல்லுங்க சார்'. ஹலோவுக்கு இடமே இல்லை. 2022-இல் மகாராஷ்டிர அரசு, ஹலோவை விட்டுவிட்டு 'வந்தே மாதரம்' சொல்லும்படி தன் ஊழியர்களைக் கேட்டுக்கொண்டது. அது பாதி காலியான நாற்காலிக்கு நடந்த போட்டி. சிக்னல் போய்விட்டால் மட்டும் ஹலோ வந்துவிடும்: 'ஹலோ... கேக்குதா?' தெரியாத எண் என்றால் அதுவும் இல்லை. கடன் வேண்டுமா என்று கேட்கும் பதிவுக்குரலுக்கு எதற்கு ஹலோ என்று, எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

போனில் இளைத்த சொல் தெருவில் கொழுத்திருக்கிறது. கேட்டை மறித்து பைக்கை நிறுத்துகிறவரிடம் 'ஹலோ, வண்டிய எடுங்க.' வரிசையில் நடுவே புகுந்தவரிடம் 'ஹலோ, நாங்கல்லாம் எதுக்கு நிக்கிறோம்?' பதிலுக்கு அவரும் ஒரு 'ஹலோ' போட்டார் என்றால், இன்றைக்குச் சண்டை உறுதி.