ஆணித் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தல்

சுத்தியல் பேசும் என்று நான் சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், 1977ஆம் ஆண்டில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எனக்குத் தச்சுக் கைவேலை கற்பித்த ஆசிரியர் முதற்பாடமாகச் சொன்னது அதுவே. மாணவர்களாகிய எங்களைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு பலகையின்மீது இரண்டு ஆணிகளை அறைந்தார். ஒன்று பலகையைக் கடந்து அடியிலுள்ள சட்டத்தைப் பற்றியது. அதன் ஒலி அடிக்கு அடி இறுகி வந்தது. மற்றொன்று சட்டத்தைத் தவறி வெறும் காற்றில் நீட்டிக்கொண்டது. அதன் ஒலி பொள்ளலாக இருந்தது. "எந்த ஆணி பிடித்தது, எது பிடிக்கவில்லை என்பதைக் கண்ணுக்கு முன்னே காதும் கையும் அறியும்" என்றார் அவர்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கருவி அவ்வாறு பேசாத கருவி. ஆணித் துப்பாக்கி என்பது அதன் பெயர். மரத்தால் வீட்டின் கூடு சமைக்கும் தச்சர்கள் அதனைக் கையாளுகிறார்கள். அதைத் தேர்ந்தெடுக்கும்போது எதை நோக்க வேண்டும் என்பதை, நான் கண்ட சில நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

2022ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள ராலி நகரில் வாழும் என் மகள் வீட்டில் ஆறு திங்கள் தங்கியிருந்தேன். எதிர்மனையில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. செங்கல் இல்லை, காரை இல்லை, முழுவதும் மரம். காலையில் தரையாக இருந்த இடத்தில் மாலைக்குள் நான்கு சுவர்களின் எலும்புக்கூடு நிற்பதைக் கண்டு வியந்தேன்.

நம் நாட்டுத் தச்சு வேலையில் கழுந்தும் துளையுமே மூட்டுக்கு உயிர். கதவோ, நிலையோ, கட்டிலோ, மரம் மரத்தைக் கவ்வி நிற்கும். ஆணி துணைக்கு வருவதேயன்றித் தலைமை தாங்குவதில்லை. அமெரிக்க மரவீட்டில் நிலைமை நேர்மாறானது. 1830களில் சிகாகோ நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஒரு புதிய கட்டுமுறை பரவிற்று. இயந்திர வாளால் அறுத்த மெல்லிய சட்டங்களும், இயந்திரத்தில் மலிவாகச் செய்யப்பட்ட ஆணிகளும் அப்போது கிடைக்கத் தொடங்கியிருந்தன. பருத்த தூண்களைத் துளையிட்டுப் பூட்டுவதை விடுத்து, மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி ஆணியால் இணைக்கும் வழக்கம் அவ்வாறு பிறந்தது. இன்றும் அங்கே 16 அங்குலத்துக்கு ஒன்றாகச் சட்டங்களை நிறுத்திச் சுவர் அமைப்பது பெருவழக்கு. அங்கே மூட்டு என்பதே ஆணிதான். ஒரு வீட்டுக்கு ஆயிரக்கணக்கான ஆணிகள் வேண்டும். இத்தனையையும் கையால் அறைவது தோளை முறிக்கும் வேலை. எனவே 1950ஆம் ஆண்டு முதல் காற்றழுத்தத்தால் இயங்கும் ஆணிப்பொறிகள் சந்தைக்கு வரலாயின.

அப்பொறி இயங்கும் விதம் எளியது. கம்ப்ரெஸரிலிருந்து ஒரு குழாய் வழியே அழுத்தம் மிகுந்த காற்று வந்து கைப்பிடியில் தேங்கி நிற்கும். விசையை இழுத்தால் ஓர் அடைப்பு திறக்கும். காற்று பாய்ந்து ஓர் உந்துதண்டைக் கீழே தள்ளும். அத்தண்டு ஆணியின் தலையில் ஒரே அடி கொடுக்கும். தண்டு மேலேறியதும், ஆணிப் பெட்டியிலுள்ள வில் அடுத்த ஆணியை அவ்விடத்துக்குத் தள்ளிவிடும். கருவியின் மூக்கு மரத்தின்மீது அழுந்தினாலன்றி ஆணி பாயாது. இது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் மூக்குக்கு மரம் எது, மனிதத் தொடை எது என்ற வேறுபாடு தெரியாது!

இதனை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒருநாள் நண்பகலில், எதிர்மனையில் வேலை செய்த ஓர் இளைஞர் கையில் துப்பாக்கியுடன் ஏணியிலிருந்து இறங்கினார். விரல் விசைமீதே இருந்தது. ஒரு படி தவறியது. மூக்கு முழங்காலுக்குமேல் இடித்தது; மூன்றங்குல ஆணி ஒன்று தொடைக்குள் இறங்கிவிட்டது. அவர் அலறவில்லை, ஏணியைப் பற்றிக்கொண்டு வியப்போடு தன் காலைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க இயலவில்லை. இரு வாரங்களுக்குப்பின் நொண்டிக்கொண்டு வேலைக்கு வந்தபோது, என் பேரன் வாயிலாக அவரை நலம் விசாரித்தேன். "கருவியில் கோளாறு ஒன்றுமில்லை ஐயா, அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது" என்றார். அந்த விடை என்னைச் சிந்திக்க வைத்தது.

அதே மாதத்தில் என் மருமகப்பிள்ளை, கொல்லைப்புறத்தில் தளவாடங்கள் வைக்க எட்டடிக்குப் பத்தடியில் ஒரு மரக்கொட்டகை கட்ட முற்பட்டார். பதினேழு வயதுப் பேரன் உடன் வேலை செய்வதாக ஏற்பாடு. "மாமா, வேகமான துப்பாக்கியாக ஒன்று வாங்கிவிட்டால் இரண்டு நாளில் முடித்துவிடலாம்" என்றார். "வாங்குவதற்கு முன் கடைக்கு என்னையும் அழைத்துப் போங்கள், மாப்பிள்ளை" என்றேன். அங்கே விற்பனையாளரிடம் கேட்டும், பின்னர் படித்தும் அறிந்தவற்றை முறைப்படுத்திச் சொல்லுகிறேன்.

முதலாவதாக நோக்க வேண்டியது, எந்த ஆற்றலால் இயங்குவது என்பது. காற்றால் இயங்குவது எடை குறைந்தது, பழுது குறைவு, விலையும் குறைவு. ஆனால் கம்ப்ரெஸரும் குழாயும் உடன் வேண்டும். குழாய் காலைத் தடுக்கும். 1986ஆம் ஆண்டு முதல், சிறு குப்பியில் அடைத்த எரிவாயுவை உள்ளே வெடிக்கச் செய்து இயங்கும் குழாயில்லாத் துப்பாக்கிகள் வந்தன. அவற்றுக்குக் குப்பிகளை வாங்கிக்கொண்டேயிருக்க வேண்டும். கடுங்குளிரில் சில வேளை முரண்டு செய்யும். பின்னர் மின்கலத்தால் மட்டுமே இயங்குவன வந்தன. அவை வசதியானவை, எனினும் கனமானவை. தலைக்குமேல் தூக்கி நாள் முழுவதும் வேலை செய்வோர்க்கு ஓரிரு இராத்தல் எடைகூடப் பெரிய வேறுபாடு. ஓரிடத்தில் நின்று நெடுநேரம் செய்யும் வேலைக்குக் காற்றும், இடம் மாறி மாறிச் செய்யும் சில்லறை வேலைக்கு மின்கலமும் தக்கவை.

இரண்டாவது ஆணி. துப்பாக்கியை வாங்குபவர் பலர், அது எந்த ஆணியை ஏற்கும் என்பதைப் பின்னரே எண்ணிப் பார்க்கிறார்கள். ஆணிகள் வரிசையாகக் கோக்கப்பட்டு வரும். பிளாஸ்டிக் கோவையில் 21 பாகைச் சாய்வுடன் வருபவை முழு வட்டத்தலை உள்ளவை. காகிதக் கோவையில் 30 முதல் 34 பாகைச் சாய்வுடன் வருபவை நெருங்கி அமைவதற்காகத் தலையின் ஒரு பக்கம் நறுக்கப்பட்டோ, தலை ஒருபுறம் ஒதுங்கியோ இருக்கும். சாய்வு மிகுந்த துப்பாக்கி, சட்டங்களுக்கு இடையிலுள்ள குறுகிய மூலையில் எளிதாக நுழையும். ஆனால் புயலும் நிலநடுக்கமும் உள்ள பகுதிகள் சிலவற்றில், சில வேலைகளுக்கு முழுத்தலை ஆணியே வேண்டும் என்பது கட்டட விதி. ஆகவே முதலில் ஊர் விதியை அறிந்து, பின்னர் ஆணியைத் தேர்ந்து, அதற்கேற்ற துப்பாக்கியை வாங்குவதே முறை.

நீளமும் பருமனும்கூடக் கணக்கில் வரவேண்டும். 'இரண்டுக்கு நான்கு' என்று அங்கே வழங்கும் சட்டம், இழைத்து முடித்தபின் 1½ அங்குலத்துக்கு 3½ அங்குலமே இருக்கும். அடிச்சட்டத்தின் ஊடே சென்று நிற்கும் சட்டத்தில் இறங்க, கையால் அறையும் 3½ அங்குல ஆணி 0.162 அங்குலப் பருமன் உடையது, இரண்டு போதும். துப்பாக்கி ஆணி பெரும்பாலும் 3 அங்குல நீளமும் 0.131 அங்குலப் பருமனும் உடையது. மெலிந்த அந்த ஆணியாயின் மூன்று வேண்டும் என்கிறது அவர்களது மாதிரிக் கட்டட விதி. பூச்சி அரிக்காதபடி மருந்தேற்றிய மரத்துக்குச் சாதாரண ஆணி உதவாது. மருந்து இரும்பைத் தின்றுவிடும். துத்தநாகக் குழம்பில் தோய்த்த ஆணி வேண்டும். ஆணி இறங்கும் ஆழத்தைத் திருத்தும் அமைப்பும் துப்பாக்கியில் இருத்தல் நலம். தலை பலகையோடு சமமாக நிற்க வேண்டும். பலகையின் மேற்பரப்பைப் பிளந்துகொண்டு உள்ளே போனால் பிடிப்பு குறையும்.

மூன்றாவது விசை. என் கருத்தில் முதலிடம் பெற வேண்டியது இதுவே. விசையில் இரு முறைகள் உண்டு. ஒன்றில், விசையை இழுத்துப் பிடித்துக்கொண்டே மூக்கை எங்கெங்கு இடிக்கிறோமோ அங்கெல்லாம் ஆணி பாயும். இதைத் தொட்டால் பாயும் முறை எனலாம். ஏணியில் நான் கண்டது இத்தகைய துப்பாக்கியே. மற்றொன்றில், முதலில் மூக்கை அழுத்தி, அதன்பின் விசையை இழுத்தால்தான் ஆணி பாயும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டு மீண்டும் தொடங்க வேண்டும். இதை வரிசை முறை எனலாம். முன்னதில் காயமுறும் வாய்ப்பு பின்னதைப்போல் இரு மடங்கு என்று, அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு நிறுவனங்கள் 2011இல் வெளியிட்ட கையேடு கூறுகிறது. 2001 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் ஆணித் துப்பாக்கியால் காயமுற்று அந்நாட்டு அவசர மருத்துவப் பிரிவுகளுக்கு வந்தோர் ஆண்டுக்குச் சுமார் 37,000 பேர். அவர்களுள் ஏறத்தாழ ஐவரில் இருவர் தொழிலாளர் அல்லர். என் மருமகப்பிள்ளையைப்போல் வீட்டில் தாமே வேலை செய்தவர்கள்.

"ஆனால் வரிசை முறை மெதுவானதாயிற்றே, மாமா?" என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கும் அக்கையேட்டிலேயே விடை இருந்தது. தேர்ந்த தச்சர் பத்துப் பேரைக் கொண்டு, எட்டடிக்குப் பத்தடிக் கொட்டகைகளை இருவகைத் துப்பாக்கிகளாலும் கட்டுவித்துப் பார்த்திருக்கிறார்கள். தொட்டால் பாயும் முறையில் ஆணி அறையும் நேரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தது உண்மை. ஆனால் அளப்பதும் அறுப்பதும் தூக்கி நிறுத்துவதும் சேர்ந்த முழு வேலையில் அந்த மிச்சம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு! கருவியைவிடக் கையாளும் ஆளே வேகத்தை அதிகம் தீர்மானிக்கிறான். எங்கள் கொட்டகையின் அளவும் தற்செயலாக அதுவேயாக இருந்ததால், மருமகப்பிள்ளை மேலும் வாதிடவில்லை. 21 பாகையில், வரிசை முறை விசையுள்ள காற்றுத் துப்பாக்கி ஒன்றை வாங்கினோம்.

வேலை தொடங்கும் நாளில் பேரனிடம் ஒரு சுத்தியலைக் கொடுத்து, இருபது ஆணிகளைக் கையால் அறையச் சொன்னேன். "எதற்குத் தாத்தா, துப்பாக்கிதான் இருக்கிறதே?" என்றான். "காதுக்குப் பாடம்" என்றேன். முகம் சுளித்தாலும் செய்தான்.

கூரைக்குப் பலகை பரப்பும் வேலையை மருமகப்பிள்ளை தாமே செய்தார். துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒரே ஓசை எழுப்பியது. ஒவ்வோர் ஆணியும் ஒரே அழகோடு இறங்கியது. முடிந்ததும் பேரன் உள்ளே சென்று அண்ணாந்து பார்த்தான். "அப்பா, இங்கே ஏழு ஆணிகள் கைமரத்தைத் தவறிவிட்டன" என்று கூவினான். நானும் சென்று பார்த்தேன். ஏழு ஆணிகள் கைமரத்தின் ஓரமாக வெறும் காற்றில் மின்னிக்கொண்டிருந்தன. மேலிருந்து பார்த்தால் அவையும் மற்றவற்றைப்போலவே இருந்தன.

இது சிறு குற்றம் எனத் தோன்றலாம். 1992ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆண்ட்ரூ என்னும் சூறாவளி தென் புளோரிடாவைத் தாக்கியபோது எண்ணற்ற வீடுகளின் கூரைகள் பறந்தன. பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்ட காரணங்களுள் ஒன்று, கூரைப் பலகையை அடித்த ஆணிகளும் பிடிப்புக் கம்பிகளும் பல இடங்களில் அடியிலுள்ள மரத்தைத் தவறியிருந்தமை. சுத்தியல் ஏந்திய கைக்கு அந்த வெறுமை தெரிந்திருக்கும். துப்பாக்கி அதனைச் சொல்வதில்லை. கருவி சொல்லாததை மனிதன் தானே தேடி அறிய வேண்டியிருக்கிறது. கைமரத்தின் நடுவே கோடு கிழித்துக்கொள்வதும், முடிந்தபின் அடியிலிருந்து பார்ப்பதும் அதற்கு வழிகள். எங்கள் ஏழு ஆணிகளையும் பிடுங்கிவிட்டு, கோட்டின்மேல் புதியவற்றை அறைந்தோம்.

வேறு சில விதிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். மற்றொரு கை ஆணி பாயும் இடத்துக்கு 12 அங்குலத்துக்கு அப்பால் இருக்க வேண்டும். காயங்களில் பாதிக்குமேல் கையிலும் விரல்களிலுமே நேர்கின்றன. நடக்கும்போதும் ஏறி இறங்கும்போதும் விசையில் விரல் கூடாது. ஆணி சிக்கிக்கொண்டால், காற்றுக் குழாயைக் கழற்றிய பின்னரே கை வைக்க வேண்டும்.

நம் நகரங்களிலும் ஒட்டுப்பலகை வேலை செய்யும் தச்சர்கள் இக்கருவியின் சிறிய வகைகளை இன்று கையாளுகிறார்கள். ஊசிபோன்ற ஆணிதானே என்று அவர்கள் எண்ணலாகாது. அதன் மூக்குக்கும் மரமும் விரலும் ஒன்றே.

எந்தத் துப்பாக்கி சிறந்தது என்று இனி யாரேனும் என்னைக் கேட்டால், ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே ஒரு கணம் நின்று பார்க்கச் செய்வது எதுவோ, அதுவே சிறந்தது என்பேன். அந்த ஒரு கணம் அவ்விளைஞருக்குக் கிடைத்திருந்தால் அவர் நொண்டியிருக்க மாட்டார்.

ஊருக்குத் திரும்பும் நாளில், பேரன் அந்தச் சுத்தியலைக் கொட்டகையின் உட்சுவரில், துப்பாக்கிக்கு மேலே, ஓர் ஆணியில் மாட்டியிருந்ததைக் கண்டேன். அந்த ஆணி கையால் அறைந்தது.