பைன் மரமா, சவுக்கா?



கல்வராயன்மலைக் குழு ஒன்றில் நடந்தது. ஒரு வியாபாரி, "இது பைன் கன்று, நல்ல விலை போகும்" என்று ஆசை காட்டினார். உள்கடன் எடுக்க அஞ்சு பேர் தயார். நான் போனபோது மாதிரிக் கன்று ஒன்று திண்ணையில் இருந்தது.

ஒரு ஊசியைப் பிடித்து இழுத்தேன். கணுக் கணுவாகக் கழன்று வந்தது. சவுக்கு! சமவெளியில், நம்ம கள்ளக்குறிச்சி பக்கம் வளருதே, அதேதான்.

சவுக்கில் ஊசி மாதிரி தெரிவது இலையே இல்லை, மெல்லிய குச்சி. கணுவைச் சுற்றிப் பல் போல ஒட்டியிருக்கும் பொடிச் செதில்தான் இலை. பைன் ஊசியில் கணு கிடையாது. இரண்டு, மூன்று, ஐந்து என்று கொத்தாக ஒரே அடியிலிருந்து முளைக்கும். காய் மரக்கட்டை போல, செதில் செதிலாக விரியும். சவுக்குக் காயோ கோலிக்குண்டு அளவுதான்.

பைன் குடும்பத்து மரம் எதுவும் தென்னிந்தியக் காடுகளில் தானாக வளர்வதில்லை. தேவதாரு, சீர் பைன் எல்லாம் இமயமலைக்காரர்கள். கொடைக்கானலில் நாம் படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடும் மனிதர்கள் நட்டதுதான். அங்கே சுமார் 2,100 மீட்டர் உயரம், வருஷம் முழுக்கக் குளிர். நம்ம மலை அவ்வளவு உயரமில்லை. அதனால் நிஜ பைன் கன்றே வந்திருந்தாலும் யோசிக்க வேண்டியதுதான். (கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் விற்பதும் பெரும்பாலும் பைன் குடும்பம் இல்லை. அது அரக்கேரியா, வேறு குடும்பம்.)

யாராவது கன்று கொண்டுவந்தால் முன்பணம் கொடுக்கும் முன் ஊசியை இழுத்துப் பாருங்கள். அந்த அஞ்சு பேரின் உள்கடன் இப்போது ஆட்டுக்குட்டி வாங்கப் போயிருக்கிறது.