அம்மாயிக்கு ஒரு கம்பளித் தொப்பி

பிலிமத்தலாவையிலே கொழும்பு–கண்டி வீதியோரம் பித்தளைக் கடைகள் நிறைந்திருத்தலை அவ்வழிச் சென்றோர் அறிவர். குத்துவிளக்கு வாங்குவதற்கென அங்கு இறங்குவோர் பலர். நாம் இறங்கியதோ ஒரு கம்பளித் தொப்பியின் பொருட்டு!

அவ்வூரில் எமக்கு வேண்டிய குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டு மகள் உயர்தர வகுப்பு மாணவி. அவளுடைய அம்மாயி நானுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிப்பவர். நுவரெலியாப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தது. தை, மாசி மாதங்களிற் சில விடியல்களிற் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். அக்காலத்தில் அம்மாயிக்குக் காதுவலி வந்துவிடும். முன்னாளிற் கம்பளியை மடித்துக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மலையேறிய தலைமுறை அது. இப்பொழுது தலையில் ஒரு துவாய், அவ்வளவே.

பேர்த்தி சென்ற ஆண்டு குறோசே ஊசியால் ஒரு தொப்பி பின்னினாள். “அளவு எதற்கு? கண்ணளவே போதும்” என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் வேறு யாருமல்லர், நாமே. தொப்பி போய்ச் சேர்ந்தது. “நல்லாருக்கு கண்ணு” என்று மறுமொழியும் வந்தது. ஆனால் விடுமுறைக்குச் சென்ற பிள்ளை கண்டது என்ன? தொப்பி தகரப் பெட்டிக்குள் மடித்தபடி இருந்தது. அம்மாயி துவாயைக் கட்டிக்கொண்டு பிரட்டுக்களத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தொப்பி கொண்டைக்கு மேல் ஏறவில்லை. இழுத்தால் நெற்றியை நெரித்தது. கிழவி ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் பிள்ளையை வாட்டியது.

அதனைப் பிரித்து மீண்டும் பின்னுவதற்கே நாம் சென்றோம்.

குறோசே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பது பொருள். ஒரே கொக்கி, ஒரே நூல். வேறு கருவி இல்லை. 1840களில் அயர்லாந்தை உருளைக்கிழங்குப் பஞ்சம் வாட்டியபோது, இக்கொக்கியைக் கொண்டு சரிகை பின்னி விற்று உயிர் தாங்கிய குடும்பங்கள் பல.

தொப்பியை உச்சியிலிருந்தே தொடங்கல் வேண்டும். நான்கு சங்கிலிகளை வளையமாக்கி, அவ்வளையத்துள் 12 நெடுங்கண் போடுக. ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, உள்ளே நுழைத்து நூலை இழுத்தால் மூன்று கண்கள் நிற்குமன்றோ? அவற்றை இரண்டிரண்டாக இருமுறை விடுவிப்பதே நெடுங்கண். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட 24 ஆகும். பின்னர் சுற்றுக்குப் பன்னிரண்டாகக் கூட்டிச் செல்க: 36, 48, 60. கூட்டல் மிகுந்தால் வட்டம் கீரையிலைபோற் சுருளும். குறைந்தால் கிண்ணமாகக் குழியும். தட்டையாகக் கிடப்பதே சரி.

எங்கே நிறுத்துவது? இங்கேதான் நாம் பிழைத்தோம். அம்மாயியின் தலைச்சுற்றளவை ஒரு நூலால் எடுத்துவரச் சொல்லியிருந்தோம். 55 சென்ரிமீற்றர் இருந்தது. இழுபடும் தொப்பி தலையைவிடச் சற்றுச் சிறியதாயிருந்தாற்றான் வழுக்கி விழாது. ஆதலின் ஐந்தைக் கழித்து 50. அதனை 3.14 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16. வட்டத்தின் குறுக்களவு 16 சென்ரிமீற்றர் ஆனதும் கூட்டலை நிறுத்துக. பள்ளிக்கூடத்தில் வெறுத்த வட்டக் கணக்கு இங்கே உதவுவதைக் கண்டு பிள்ளை சிரித்தாள். தடித்த நூலும் 6 மில்லிமீற்றர் ஊசியுமாக எமக்கு 60 கண்களில் அவ்வளவு கிடைத்தது. மெல்லிய நூலாயின் மேலும் ஒரு சுற்று வேண்டியிருக்கும், அளவுகோலையே நம்புக.

இனி இழுபடும் வித்தை. கண்ணின் தலையிற் குத்தாமல், அதன் தண்டைச் சுற்றிக் கொக்கியை விடல் வேண்டும். முன்புறமிருந்து நுழைந்து தண்டின் பின்னாற் சென்று முன்னே வெளிவந்தால், அக்கண் புடைத்து நிற்கும். பின்புறமிருந்து அவ்வாறே செய்தால் உள்ளே அமுங்கும். ஒன்று முன், ஒன்று பின். அடுத்த சுற்றில் முன்னதன்மேல் முன், பின்னதன்மேல் பின். வரப்பும் வாய்க்காலும்போல நெடுக மேடுபள்ளங்கள் எழும். ஆர்மோனியத் துருத்தி விரிந்து சுருங்குவதுபோல் இவை விரிந்து மீளும். (பிலிமத்தலாவையிலிருந்து அதிக தூரமில்லாத எம்பக்கைத் தேவாலயத்து மரத்தூண்களிற் கயிறு பின்னினாற்போன்ற செதுக்குவேலையைக் கண்டோர்க்கு, புடைப்பின் அழகை நாம் விளக்க வேண்டியதில்லை.)

ஆயினும் ஒரு செய்தி. இப்புடைப்பு அகலத்தை உள்ளிழுக்கும். முதற்றொப்பி நெரித்ததற்கு இதுவும் காரணம். மூன்று வரி முடிந்ததும் தலையில் வைத்துப் பார்த்துவிடுதல் நன்று. அம்மாயியின் தலை அங்கில்லாமையால், நூலளவை ஒரு குண்டுச் சட்டியிற் சுற்றிப் பார்த்துச் சட்டிக்கு மாட்டினோம்! நூலும் மிகுதியாகச் செல்லும். எமக்கு 100 கிராம் உருண்டை போதாமல் இரண்டாவதையும் பிரித்தோம். உச்சி முதல் விளிம்பு வரை 20 சென்ரிமீற்றர் போதுமெனினும், கொண்டையை நினைந்து மேலும் மூன்று வரி சேர்த்தோம்.

பருத்தி நூல் இதற்கு ஆகாது; இழுத்தால் மீளாது. ஆட்டுக் கம்பளி மிக நன்று, விலைதான் உறுத்தும். கம்பளி என்று பெயரிட்டு விற்கப்படும் நூல்களுட் பல செயற்கை இழையே, அதுவும் உதவும். ஆனால் அதன்மேற் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள். மேடுபள்ளம் தட்டையாகிவிடும், பின்னர் எதனாலும் எழாது.

தோட்டத்துக்குச் செல்லும் மாமா கையில் தொப்பி சென்றது. இரண்டு வாரங்கழித்து அவர் திரும்பியபோது சிறு பொட்டலமொன்று கொடுத்தார். உள்ளே முடிச்சிட்ட நூல்துண்டு ஒன்று. அம்மாயி தலைக்கு இதனையே முடிந்து மாட்டுகிறாரோ என்று நாம் திகைத்தோம்.

“அது பக்கத்து லயத்து ஆத்தாவோட தலை அளவு” என்றார் மாமா. “சாம்பல் நிறமா இருந்தா நல்லதாம்.”