சொந்தமில்லாத மனையில் பிறக்கும் லாபம்

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில், டெக்னோபார்க்குக்குச் சற்றுத் தள்ளி, 10 சென்ட் மனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்ட் 6 லட்சம் வீதம் 60 லட்சத்துக்குத் தர உரிமையாளர் சம்மதிக்கிறார். ஒருவர் 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதக் கெடு வைத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார். கெடு முடிவதற்குள் அதே மனையை இன்னொருவருக்கு 67.5 லட்சத்துக்குப் பேசி முடிக்கிறார். பதிவு நாளில் உரிமையாளர் நேராகப் புதியவர் பெயருக்கே கையெழுத்துப் போடுகிறார். நடுவில் நின்றவருக்கு அந்த மண்ணில் ஒரு பிடிகூட ஒரு நாளும் சொந்தமாக இருந்ததில்லை. ஆனாலும் 7.5 லட்சம் அவருக்குக் கிடைக்கிறது.

அமெரிக்காவில் இதை ஹோல்சேலிங் என்கிறார்கள். கேரளத்தில் தனிப்பெயர் இல்லாமலே நெடுங்காலமாக நடக்கிறது. சொந்தமில்லாத ஒன்றிலிருந்து எப்படி லாபம் வருகிறது?

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 54ஆம் பிரிவில், விற்பனை ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்கிறது. அப்படியென்றால் இடைத்தரகர் விற்பது மனையை அல்ல, அதை இந்த விலைக்கு இந்தத் தேதிக்குள் வாங்கும் உரிமையை. ஒப்பந்தத்தில் 'இவருக்கோ இவர் சுட்டும் நபருக்கோ' என்ற நான்கு சொற்கள் இருந்தால் போதும், அந்த உரிமை கைமாறிவிடும். கேரளத்தில் முத்திரைத்தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நம் இடைத்தரகர் மனையை முதலில் தன் பெயருக்குப் பதிவு செய்திருந்தால் 6 லட்சம் அரசுக்குப் போயிருக்கும், லாபத்தில் மிஞ்சுவது ஒன்றரை லட்சம்தான். இரண்டு பதிவு நடக்க வேண்டிய இடத்தில் ஒன்றே நடப்பதால்தான் இந்தத் தொழில் உயிரோடு இருக்கிறது.

மண்ணை இப்படிக் கைமாற்றலாம் என்பதே இந்த ஊரில் அவ்வளவு பழைய விஷயம் அல்ல. திருவிதாங்கூரில் சர்க்காருக்குச் சொந்தமான பண்டாரவகை நிலங்களை உழுதவர்கள் குத்தகைதாரர்களாகவே இருந்தார்கள். 1865இல் வந்த பண்டாரப்பாட்ட விளம்பரம் என்ற அரசாணை அவர்களையே உரிமையாளர்களாக்கியது. விற்கவும் அடகு வைக்கவும் தடை நீங்கியது. அப்போது ஆயில்யம் திருநாள் மகாராஜா, திவானோ கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ். மண் சந்தைக்கு வந்ததும், விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்க ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆளுக்கு முதலில் வேண்டியது தகவல். கரமனை, வலியசாலை, கோட்டைப் பகுதி அக்ரகாரங்களில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி காலமாகிவிட்டார். ஒரு மகன் சென்னையில், ஒருவர் மும்பையில், மகள் வெளிநாட்டில், இறந்துபோன மூத்தவரின் பிள்ளைகள் இருவர் வேறெங்கோ. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டால்தான் வீடு முழுமையாக விலைபோகும். கூட்டுக்குடும்ப முறையை ஒழித்த கேரளச் சட்டம் 1976 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தபின், பரம்பரைச் சொத்தில்கூட ஒவ்வொருவர் பங்கும் தனித்தனி. குடும்பத் தலைவர் ஒருவரே கையெழுத்திட்டு முடிக்கும் காலம் போய்விட்டது. அந்த ஐவரையும் கண்டுபிடித்து, பேசாமலிருக்கும் இரண்டு பேரைப் பேசவைத்து, வெளிநாட்டில் இருப்பவரிடமிருந்து தூதரகத்தில் சான்றளித்த பவர் பத்திரத்தை வரவழைப்பது லேசான வேலை அல்ல. வாரிசுச் சான்று, முன்னாதாரம் (முந்தைய பத்திரம்), கரம் (நிலவரி) அடைத்த ரசீது, வில்லங்கச் சான்று என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க வேண்டும். இவ்வளவும் செய்தவருக்கு நல்ல தொகை கிடைப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. பூட்டிக் கிடந்து இற்றுப்போக இருந்த வீடு ஒரு குடும்பம் வாழும் இடமாகிறது.

தகவலில் இன்னொரு வகை உண்டு. கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்று எழுதியிருந்தால் அது வயல். வீடு கட்ட ஏற்றது 'புரயிடம்'. கன்னியாகுமரிப் பக்கமிருந்து வாங்கப் போகிறவர்கள் இதில் ஏமாறக் கூடாது. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரித்த டேட்டா பேங்கில் ஏறிய மண்ணில் நினைத்தபடி வீடு கட்ட முடியாது. பட்டியலிலிருந்து நீக்கக் கோட்ட வருவாய் அதிகாரியிடம் மனுப்போட வேண்டும். மண் ரோட்டோரம் மேடாகக் காய்ந்து கிடக்கும், தென்னைகூட நிற்கும், பதிவேட்டில் மட்டும் வயலாகவே இருக்கும். இதை அறிந்த தரகர் அடிமாட்டு விலைக்குப் பேசுவார். அறியாத உரிமையாளருக்குத் தன் மண் ஏன் விலைபோகவில்லை என்பதே புரியாது.

பேரம் பேசுவதன் கணக்கு இன்னும் சுவையானது. 1982இல் ஏரியல் ரூபின்ஸ்டைன் என்ற இஸ்ரேலியப் பொருளியலாளர் ஒரு கேள்விக்கு விடை கண்டார். ஒரு தொகையைப் பங்கிட இருவர் மாறி மாறி விலை சொல்கிறார்கள், தாமதமாகும் ஒவ்வொரு சுற்றும் இருவருக்கும் நஷ்டம் என்றால் யாருக்கு எவ்வளவு சேரும்? தாமதம் யாருக்குக் குறைவாக வலிக்கிறதோ அவருக்கே பெரிய பங்கு என்று அவருடைய கணிதம் காட்டியது. வாய்ச்சாலகத்தைவிடக் காத்திருக்கும் வலுதான் பேரத்தைத் தீர்மானிக்கிறது.

வளைகுடாவிலிருந்து முப்பது நாள் லீவில் வந்து, அப்பாவின் வீட்டை விற்றுவிட்டுப் போக நினைப்பவரை இப்போது நினைத்துப் பாருங்கள். அவருடைய ரிட்டர்ன் டிக்கெட் தேதி தரகருக்குத் தெரிந்தால் போதும். முதல் வாரம் ஆள் பிடிகொடுக்கமாட்டார். இரண்டாம் வாரம் பத்திரத்தில் ஏதோ சிக்கல் என்பார். கடைசி வாரம் ஒரு விலை சொல்வார். அதற்கு வீடு போய்விடும்.

முதலில் சொல்லும் எண்ணுக்கும் தனிச் சக்தி இருக்கிறது. 1987இல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் டூசான் நகரத்தில் தொழில்முறை வீட்டுத் தரகர்களை ஒரே வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். எல்லோருக்கும் ஒரே விவரங்கள். விற்பவர் கேட்கும் விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. உயர்ந்த விலையைப் பார்த்தவர்கள் வீட்டை உயர்வாகவும், தாழ்ந்த விலையைப் பார்த்தவர்கள் தாழ்வாகவும் மதிப்பிட்டார்கள். அந்த விலை தங்கள் மதிப்பீட்டைப் பாதித்ததாக அவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. அனுபவசாலிகளே இப்படி என்றால், வாழ்நாளில் ஒரே ஒரு முறை மனை விற்கும் ஆசிரியையை என்ன சொல்வது?

செய்தி யாருக்கு எப்போது எட்டுகிறது என்பதும் விலையை மாற்றும். விழிஞ்ஞம் துறைமுக ஒப்பந்தம் 2015இல் கையெழுத்தானது, 2025 மே 2இல் துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இடைப்பட்ட பத்தாண்டில் அந்தப் பக்கம் வந்த ஒவ்வொரு செய்தியும் யாரோ ஒருவருக்கு முன்னதாகவும் இன்னொருவருக்குப் பின்னதாகவும் எட்டியிருக்கும். அந்த இடைவெளி இந்தத் தொழிலுக்கு நல்ல விளைச்சல் தரும் காலம்.

இடைத்தரகரை நான் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. மறைத்துச் செய்வதையே எதிர்க்கிறேன். மேலே சொன்ன மனைக்குப் பத்திரத்தில் 67.5 லட்சம் என்று மட்டும் எழுதினால், 60 மட்டுமே வாங்கியவர் கணக்கில் மீதியும் ஏறி, வரிக் கேள்வி அவரிடம் வரும். 60 என்று எழுதினால் விலையை மறைத்த குற்றம். இடைத்தரகரையும் ஒப்புதல் தரப்பாகச் சேர்த்து, அவருக்குப் போகும் தொகையைப் பத்திரத்திலேயே காட்டுவதுதான் நேர்மையான வழி. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் 2019லும் ஓக்லஹோமா 2021லும் இத்தகைய வியாபாரிகளை உரிமச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. இங்கே ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பதிவு பெற்ற திட்டங்களில் விற்கும் தரகர்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனி மனையைக் கைமாற்றுபவர் அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறார். இந்த ஓட்டையை அடைப்பது அவசியம்.

அதுவரை விற்பவர்கள் தாங்களே கவனமாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் 'இவர் சுட்டும் நபருக்கு' என்ற தொடர் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால், யாருக்கு என்ன விலைக்கு விற்கப் போகிறார் என்று கேளுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ அட்வான்ஸை ரொக்கமாக வாங்காதீர்கள். 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. ஒப்பந்தத்தை நிறைவேற்றவைக்கும் சட்டத்தில் 2018இல் வந்த திருத்தத்துக்குப் பின், பேசியபடி விற்றே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் உங்களுக்கு உத்தரவிடுவது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. ஆகவே இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். லீவில் வருகிறவர்கள், நம்பிக்கையான ஒருவருக்கு முன்கூட்டியே பவர் எழுதிக் கொடுத்துவிட்டு, ரிட்டர்ன் டிக்கெட் தேதியை யாரிடமும் சொல்லாமல் வாருங்கள்.